குழம்பில் மஞ்சள் என்ன ஆகிறது?

மஞ்சளைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் அதிலுள்ள குர்குமினில் எவ்வளவு மிஞ்சும்? குக்கரில் வைத்தால் எவ்வளவு மிஞ்சும்? கூடவே புளி கரைத்து ஊற்றினால் என்ன ஆகும்?

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. ஸ்ரீனிவாசனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்த மூன்று கேள்விகளுக்கும் அளந்து பார்த்து, 2007-இல் விடை வெளியிட்டார்கள். முதல் இரண்டு கேள்விகளை எந்த வேதியியலாளரும் கேட்டுவிடுவார். மூன்றாவதைக் கேட்க, குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு வளர்ந்திருக்க வேண்டும். நம் வீட்டில் மஞ்சள் தனியாக வேகுவதில்லை, பெரும்பாலும் புளியோடுதான் வேகிறது என்பதை அறிந்தவர் கேட்ட கேள்வி அது. அந்த ஆய்வுக்கட்டுரையின் அழகு முழுவதும் எனக்கு அங்கேதான் தெரிகிறது.

விடையைச் சொல்லிவிடுகிறேன். சமைக்கும் சூட்டில் மஞ்சளின் குர்குமின் 27 முதல் 53 விழுக்காடு வரை அழிந்தது. அதிக இழப்பு பிரஷர் குக்கரில், பத்து நிமிடத்தில். புளி சேர்த்து வேகவைத்தபோது இழப்பு 12 முதல் 30 விழுக்காட்டுக்குள் நின்றது. அதே சோதனையில் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் 18 முதல் 36 விழுக்காடு வரை போயிற்று. அதைப் புளியால் காப்பாற்ற முடியவில்லை. மிளகின் பைப்பரின் 16 முதல் 34 விழுக்காடு வரை குறைந்தது. புளி இருந்தபோது அதன் இழப்பு கொஞ்சம் மட்டுப்பட்டது.

மஞ்சளுக்கும் புளிக்கும் உள்ள இந்த உறவை நம் கண்ணே அறியும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு சேர்த்ததும் தட்டு முழுக்கச் சிவந்துபோகிறதே, அது குர்குமின் செய்யும் வேலை. காரத்தன்மை பட்டதும் அது நிறம் மாறி, சீக்கிரமே சிதையவும் தொடங்கிவிடும். புளிப்பில் அப்படி இல்லை. மஞ்சளாகவே இருக்கும், நெடுநேரம் தாங்கும். ஆரத்தித் தட்டில் சிவக்கும் பொருளும் குழம்பில் பொன்னாக மிதக்கும் பொருளும் ஒன்றுதான். ஒன்றில் சுண்ணாம்பு, மற்றதில் புளி.

அந்த மைசூர் ஆய்வுக்கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு தவளக்குப்பத்து மீன் குழம்பை நினைத்துப் பார்ப்பது தனி இன்பம். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் அரியாங்குப்பம், நோணாங்குப்பம் தாண்டி வரும் ஊர் அது. கிழக்கே திரும்பினால் நல்லவாடு, கடற்கரை. மீன் தூரத்திலிருந்து வர வேண்டியதில்லை. கவளையும் சங்கராவும் நெத்திலியும் அன்னக்கூடையில் வந்து இறங்கும். அந்தப் பக்கத்து மீன் குழம்பு மண்சட்டியில், மூடாமல், கெட்டிப் புளிக்கரைசலில் கொதிப்பது. அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன என் சித்தி குழம்புக்குக் குக்கரைத் தொடவே விடமாட்டார்.

"குக்கர்ல வெச்சா மீனு கரைஞ்சி பூடும்டா. சட்டியில வெச்சி, புளி பச்ச வாசன போனதும் மீனப் போட்டு, ரெண்டு கொதி வந்தா எறக்கிடணும். கொதிச்சிக்கினே இருக்கக் கூடாது."

சித்தி கவலைப்பட்டது மீன் உடையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. ஆனால் அந்தப் பக்குவம் மஞ்சளுக்கும் தோதாக அமைந்துவிட்டது. திறந்த சட்டி, நிறைய புளி, மீன் போட்ட பிறகு குறைந்த கொதி, மேலே நல்லெண்ணெய். குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். குழம்பு ஆறியதும் ஓரத்தில் தெளிந்து நிற்கிற அந்த மஞ்சள் கலந்த செவ்வெண்ணெயைச் சோற்றில் வழித்துக்கொள்பவர்கள் நல்ல பகுதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மறுபக்கம், சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கும்போதே குக்கரில் மஞ்சள்தூளைப் போட்டுவிடும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. மைசூர்க் கணக்குப்படி பார்த்தால் மஞ்சளுக்கு அதைவிடக் கடினமான இடம் சமையலறையில் இல்லை. நிறத்துக்கு ஒரு சிட்டிகை குக்கரில் போகட்டும், மீதியைப் புளி கொதிக்கும்போது சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதோடு நின்றிருந்தால் இந்த ஆய்வுகள் 'நம் முன்னோர்கள் சும்மாவா செய்தார்கள்' என்ற வழக்கமான பெருமைப் பேச்சுக்குத்தான் உதவியிருக்கும். மைசூர்க்காரர்கள் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. ஸ்ரீனிவாசனும் கல்பனா பிளாட்டெலும் 2004-இல் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே, மசாலாப் பொருள்கள் செரிமானத்தைத் தூண்டுகின்றன என்பது கட்டுக்கதையா, உண்மையா என்று கேட்கிறது. பித்தநீர் சுரப்பையும் கணைய நொதிகளையும் அளந்த பிறகே அவர்கள் உண்மைப் பக்கம் சாய்கிறார்கள். மரபை மதிப்பது என்றால் அதைச் சோதனைக்கு உட்படுத்துவதும்தான் என்ற தெளிவு அவர்கள் எழுத்தில் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய மரியாதை.

அவர்களுடைய இன்னொரு வரிசை ஆய்வு இரும்புச்சத்தையும் துத்தநாகத்தையும் பற்றியது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. தானியத்திலும் பருப்பிலும் இரும்பு இல்லாமல் இல்லை. இருக்கிற இரும்பை ஃபைட்டிக் அமிலமும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சாப்பிட்டது வயிற்றுக்குள் போகிறது, சத்து இரத்தத்துக்குப் போவதில்லை. அப்படியென்றால் உணவில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்ற அட்டவணை மட்டும் போதாது. அதில் எவ்வளவு விடுபட்டு வருகிறது என்று தெரிய வேண்டும்.

அதை அளக்கும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உணவை அரைத்து, ஒரு குடுவையில் இரைப்பை அளவுக்குப் புளிப்பேற்றுகிறார்கள். பெப்சின் சேர்த்து, உடம்பின் சூடான 37 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் குலுங்க விடுகிறார்கள். அது இரைப்பை. பிறகு மெல்லிய சவ்வாலான ஒரு சிறு பையில் சோடியம் பைகார்பனேட் கரைசலை நிரப்பி, குடுவைக்குள் இறக்குகிறார்கள். பைகார்பனேட் சவ்வு வழியே மெதுவாக வெளியே கசியும். குடுவையின் புளிப்பு சட்டென்று முறியாமல் சிறிது சிறிதாகத் தணியும். இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு உணவு இறங்கும்போது நடப்பதும் அதுவே. அந்த நேரம் பார்த்துக் கணைய நொதியும் பித்த உப்பும் சேர்க்கிறார்கள். கடைசியில் சவ்வைக் கடந்து பைக்குள் நுழைந்த இரும்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று அளக்கிறார்கள். எதனோடும் பிணைந்து பெரிய துகளாகிப்போன இரும்பு சவ்வின் நுண்துளையில் நுழையாது, வெளியே நின்றுவிடும். உள்ளே வந்ததுதான் குடல் எடுத்துக்கொள்ள வாய்ப்புள்ள பங்கு.

ஒரே பையைக் கொண்டு புளிப்பைத் தணிக்கவும் செய்து, விடுபட்ட சத்தைச் சேகரிக்கவும் செய்திருக்கும் அந்த நயத்தை நினைத்து நினைத்து மகிழலாம். இந்த முறை உலகின் பல ஆய்வகங்களில் புழங்குவது, மைசூரில் பிறந்தது இல்லை. ஆனால் அந்தக் குடுவைக்குள் அவர்கள் எதை எதை இறக்கினார்கள் என்பதில் மைசூரின் கைவண்ணம் இருக்கிறது: அரிசி, சோளம், பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, பச்சையாகவும் வேகவைத்தும்.

2005-இல் இந்தக் குடுவைக்குள் புளிப்புப் பொருள்கள் போயின. புளிப்பு இரும்பை விடுவிக்கும் என்பது பொது எதிர்பார்ப்பு. சிட்ரிக் அமிலம் அதைச் செய்தது. வடநாட்டில் ஆம்சூர் என்று சொல்லும், மாங்காயைக் காயவைத்து இடித்த தூளும் பெரும்பாலும் செய்தது. புளி செய்யவில்லை! புளிப்பு இருந்தும் அதிலுள்ள டானின் அந்தப் பலனைத் தடுத்துவிட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் தரும் விளக்கம். ஐந்து தென் மாநிலங்களின் குழம்பையும் தாங்கி நிற்கும் ஒரு பொருளைப் பற்றி, தென்னாட்டு ஆய்வகம் ஒன்று தயங்காமல் சொன்ன முடிவு இது. மஞ்சளைக் காப்பாற்றும் அதே புளி இரும்புக்கு உதவ மறுக்கிறது. ஒரு பொருளை நல்லது, கெட்டது என்று ஒரே சொல்லில் முடிக்கிறவர்கள் இந்த இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும்.

இங்கேதான் மீண்டும் அந்தச் சட்டி எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. சித்திரை, வைகாசியில் புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் மீன் குழம்பில் மாங்காய் போடுவார்கள். புளியைக் குறைத்து, கொட்டையோடு வெட்டிய புளிப்பு மாங்காயைப் போட்டு, அது குழைந்து மீனோடு ஒட்டிக்கொள்ளும்வரை விடுவார்கள். மைசூரில் சோதித்தது காய்ந்த மாங்காய்த் தூள், நம் சட்டியில் வேகுவது பச்சை மாங்காய். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன், என்றாலும் திசை நல்ல திசை. கூடவே மீன் இருக்கிறது. மீனோ இறைச்சியோ உடன் இருந்தால் தானியத்தின் இரும்பை உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் என்பது ஊட்டச்சத்து அறிவியலில் நெடுநாளாக நிலைபெற்ற செய்தி. குழம்புச் சோற்றில் புளி செய்யாத உதவியில் ஒரு பங்கையாவது கவளை மீன் செய்யக்கூடும். சைவச் சாப்பாட்டுக்கு அந்த உதவி கிடையாது. அங்கே கடைசியில் பிழியும் அரை எலுமிச்சம்பழம்தான் துணை.

அடுத்து வெங்காயமும் பூண்டும். 2010-இல் வெளியான ஆய்வு. இதில் நான் மிகவும் ரசிப்பது அவர்கள் எடுத்துக்கொண்ட அளவு. பத்து கிராம் தானியத்துக்குப் பூண்டு கால் கிராம் அல்லது அரை கிராம், வெங்காயம் ஒன்றரை கிராம் அல்லது மூன்று கிராம். வீட்டுக் கணக்கில் சொன்னால் நூறு கிராம் பருப்புக்கு மூன்று நான்கு சின்னப் பூண்டுப் பல், ஐந்தாறு சின்ன வெங்காயம். எந்த அம்மாவும் கை நிதானத்தில் போடும் அளவு. மருந்துக்கடை அளவில் சாறெடுத்துக் கொட்டிப் பெரிய எண் காட்டும் ஆய்வுகளைத்தான் நாம் அதிகம் கேள்விப்படுகிறோம். இவர்கள் தாளிக்கும் கரண்டியின் அளவை விட்டுத் தாண்டவில்லை.

அந்தச் சிறிய அளவுக்கே பலன் தெரிந்தது. தானியத்தில் விடுபடும் இரும்பு சுமார் 9 முதல் 66 விழுக்காடு வரை கூடியது, பருப்பு வகையில் சுமார் 10 முதல் 73 விழுக்காடு வரை. துத்தநாகமும் கூடியது. தானியத்துக்குத் தானியம், சமையல் முறைக்குச் சமையல் முறை வேறுபாடு நிறைய. 73 என்ற உச்ச எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது, அதனால்தான் இரண்டு ஓரத்தையும் சொன்னேன்.

வெங்காயம், பூண்டு என்றதும் தவளக்குப்பத்துக்காரர்களுக்கு நினைவு வருவது வடகம். தாளிப்பு வடகம். அரிசிக் கூழில் பிழிகிற வடகம் வேறு. கோடை வெயில் ஏறியதும் சின்ன வெங்காயத்தை உரித்து ஒன்றிரண்டாக இடித்து, தோலோடு தட்டிய பூண்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு எல்லாம் கலந்து பிசைவார்கள். உருண்டை பிடித்து வெயிலில் வைப்பார்கள். மாலையில் எடுத்து உதிர்த்து, மறுநாள் மீண்டும் பிடித்து வைப்பார்கள். நாளுக்கு நாள் ஈரம் சுண்டும், நிறம் கருக்கும், வாசனை ஏறும். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டினால் உருண்டை பளபளவென்று கறுத்து இறுகிவிடும். பானையில் போட்டு வைத்தால் அடுத்த கோடை வரை வரும். மீன் குழம்பில் தாளிக்கும்போது ஒரு துண்டு உதிர்த்து நல்லெண்ணெயில் போட்டதும் எழும் வாசனை தெருமுனை வரை போகும். அதை மோந்தே எந்த வீட்டில் மீன் என்று சொல்லிவிடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து கற்று எடுத்துப்போன மசாலாவும் இதன் வழி வந்ததுதான். இன்று பிரான்சில் பெரிய சமையல்காரர்கள் இதைப் பெருமையாகக் கையாளுகிறார்கள்.

மைசூர்க் கட்டுரைகளில் தனித்தனியாக வரும் மஞ்சளும் வெங்காயமும் பூண்டும் இந்த ஒரு கறுத்த உருண்டைக்குள் சேர்ந்து கிடக்கின்றன. ஆனால் அவை பல நாள் வெயிலில் காய்ந்தவை, இலேசாகப் புளித்தவை, பிறகு கொதிக்கும் எண்ணெயில் பொரிபவை. பச்சை வெங்காயம் கொடுத்த பலனை இதுவும் கொடுக்கும் என்று யாரும் அடித்துச் சொல்லிவிடக் கூடாது.

கீரையையும் விட மனமில்லை. 2008-இல் தண்டுக்கீரை வகை, வெந்தயக்கீரை, கேரட், பரங்கிக்காய் நான்கிலும் பீட்டா கரோட்டின் எவ்வளவு விடுபடுகிறது என்று பார்த்தார்கள். நான்கிலும் மஞ்சள் உதவியது, வேகவைத்தபோது இன்னும் நன்றாக உதவியது. எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் வெங்காயமும் சூட்டில் கரோட்டின் வீணாவதையும் குறைத்தன. கீரை மசியலில் நாம் போடும் சிட்டிகை மஞ்சளும் வெங்காயமும் வெறும் ருசிக்கு என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். இட்லி மாவு புளிப்பதால் இரும்பும் துத்தநாகமும் கூடுதலாக விடுபடுவதை அதற்கு முந்தைய ஆண்டே காட்டியிருந்தார்கள்.

மிளகைப் பற்றிப் பேசும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் கவலை வருகிறது. மஞ்சளோடு மிளகு சேர்த்தால் குர்குமின் இரண்டாயிரம் விழுக்காடு அதிகமாக உடலில் ஏறும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். அந்த எண் 1998-இல் பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்விலிருந்து வந்தது. எண் உண்மை. சோதனையில் ஒருவருக்குக் கொடுத்தது இரண்டு கிராம் குர்குமின், இருபது மில்லிகிராம் பைப்பரின். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். அப்படியானால் இரண்டு கிராமுக்கு அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். மிளகுப் பக்கம் பார்த்தால் எட்டுப் பத்து மிளகு போதும். ஒரு பக்கம் எந்தச் சமையலறையும் காணாத அளவு, மறுபக்கம் ரசத்தில் போடும் அளவு. அந்த எண்ணை அப்படியே ரசத்துக்குப் பொருத்துவது சரியாகாது. பைப்பரின் வேலை செய்யும் விதமும் கவனிக்கத்தக்கது. கல்லீரலும் குடலும் குர்குமினை மாற்றி வெளியேற்றும் வேலையை அது மட்டுப்படுத்துகிறது. குழம்பு அளவில் அது சிறு உதவி. மாத்திரை அளவில் அதே செயல் தொல்லையாகலாம். மஞ்சளும் மிளகுச் சாறும் சேர்ந்த மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கியவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை அண்மைக் காலத்தில் பல நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழம்பில் போடுங்கள், மாத்திரையாக்கி விழுங்காதீர்கள். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

குடுவைக்கும் எல்லை உண்டு. சவ்வைக் கடந்தது எல்லாம் இரத்தத்தில் சேர்ந்துவிடும் என்பதில்லை. உடம்பில் ஏற்கெனவே எவ்வளவு இரும்பு இருக்கிறது, குடலில் பூச்சி இருக்கிறதா, சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தாரா என்பவையெல்லாம் அதைக் கூட்டும், குறைக்கும். ஆய்வாளர்கள் எங்கே நிறுத்திக்கொண்டார்களோ அங்கேயே நாமும் நிறுத்திக்கொள்வதுதான் அவர்கள் உழைப்புக்குக் காட்டும் மரியாதை.

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் உணவு அறிவியல் துறையில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். குடுவை இருக்கிறது, சவ்வுப் பை இருக்கிறது, அளக்கும் முறை அச்சாகி வெளிவந்திருக்கிறது. தவளக்குப்பம் ஒரு பேருந்துத் தொலைவு. வடகம் வீட்டிலேயே போடத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கை அளவை அப்படியே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். பச்சை உருண்டை, காய்ந்த உருண்டை, எண்ணெயில் பொரிந்தது என மூன்று நிலையிலும் புழுங்கலரிசிச் சோற்றோடு வைத்து அளந்து பாருங்கள். பலன் இல்லை என்று வந்தால் அதையும் தமிழில் எழுதுங்கள்.